5 லட்சத்துக்குள் ஓட்ட சுகமான பழைய ஹாட்ச்பேக்: போலோ ஜிடி, அபார்த், ஃபிகோ, ஸ்விஃப்ட் – எதை எடுக்கலாம்?

சேலம்_28

வணக்கம் நண்பர்களே. இத்தனை வருடம் அப்பாவின் ஆல்டோவைத்தான் ஓட்டினேன். இப்போது சொந்தமாக 5 லட்சம் சேர்த்திருக்கிறேன். கடன் வாங்கும் எண்ணம் இல்லை, எல்லாச் செலவும் இதற்குள் முடிய வேண்டும். அலுவலகம் போய்வர தினமும் 34 கிலோமீட்டர். ஞாயிறு விடிகாலையில் ஏற்காடு ஏறி, மேலே ஒரு டீ குடித்துவிட்டு எட்டு மணிக்குள் வீடு திரும்புவது வழக்கம். அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளுக்காகத்தான் இந்தத் தேடலே. வளைவு முடிந்து ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது வண்டி தயங்காமல் மேலே இழுக்க வேண்டும், திருப்பினால் சொன்ன இடத்தில் நிற்க வேண்டும். பின்சீட் வசதி பற்றிக் கவலையில்லை.

இதுவரை கண்ணில் பட்டவை: 2014 ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ 4.60 கேட்கிறார்கள். 2016 ஃபியட் புன்டோ அபார்த் 5.40 சொல்கிறார்கள், 5 வரை இறங்குவார்களாம். 2016 ஃபோர்டு ஃபிகோ 1.5 டீசல் 3.80. 2016 ஸ்விஃப்ட் பெட்ரோல் 4.25. நான்கில் எது? மனசு முழுக்க அபார்த் பக்கம் சாய்கிறது.

பட்டறை_கோவை

தம்பி, 22 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். முதலில் ஒரு கணக்கைச் சொல்கிறேன், அதற்குப் பிறகு வண்டியைப் பார்ப்போம்.

5 லட்சம் இருக்கிறது என்றால் 4 லட்சம், மிஞ்சினால் 4.20-க்கு மேல் வண்டிக்குக் கொடுக்காதீர்கள். மீதி உங்கள் பாக்கெட்டிலேயே இருக்கட்டும். எட்டு பத்து வருடம் ஓடிய எந்த வண்டியும் வீட்டுக்கு வந்த முதல் மாதத்தில் பணம் கேட்கும். டயர், பெல்ட், புஷ், பிரேக், இன்சூரன்ஸ், பெயர் மாற்றம். இதற்குப் பணம் இல்லாமல் வாங்கிய டர்போ வண்டியைவிட, எல்லாம் செய்து முடித்த சாதாரண ஸ்விஃப்ட் மலையில் வேகமாகப் போகும். நான் கண்ணால் பார்த்தது இது. தேய்ந்த டயரும் செத்த ஷாக் அப்சார்பரும் வைத்துக்கொண்டு அபார்த்தின் 145 குதிரைசக்தியை வளைவில் என்ன செய்வீர்கள்?

இப்போது உங்கள் பட்டியல். போலோ ஜிடி டிஎஸ்ஐ 2013-ல் வந்தது. 1.2 டர்போ, 105 பிஎஸ் (குதிரைசக்தி), 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. எஞ்சின் அருமை. கியர்பாக்ஸ் 7 கியர் டிஎஸ்ஜி, தானே கியர் மாற்றிக்கொள்ளும் உலர் கிளட்ச் வகை. அதன் கியர் மாற்றத்தை இயக்கும் மெகட்ரானிக்ஸ் யூனிட்தான் பயப்பட வேண்டிய இடம் என்று உலகம் முழுக்கத் தெரியும். மாற்ற நேர்ந்தால் செலவு லட்சத்தைத் தாண்டும். உங்கள் பட்ஜெட்டில் அது ஒரே அடியில் எல்லாவற்றையும் தின்றுவிடும். நன்றாக இருக்கும் வண்டி கிடைத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஓட்டிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

அபார்த் பற்றி வைத்திருப்பவர்களே சொல்லட்டும். ஸ்விஃப்ட்டைக் குறைவாக நினைக்காதீர்கள். இங்கே கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும் எல்ஜிபி ஃபார்முலா 4 பந்தய வண்டிகளுக்கு ஸ்விஃப்ட்டின் 1.3 எஞ்சின்தான். நீங்கள் பார்க்கும் 2016 மாடலில் இருப்பது அதற்குப் பின் வந்த 1.2 கே சீரிஸ். எஞ்சின் சுற்று ஏற ஏற சந்தோஷமாகப் பாடும். டர்போ மாதிரி அடியிலிருந்து இழுக்காது, கியரை இறக்கி ஓட்டத் தெரிந்தவனுக்குத்தான் அது வண்டி.

ஏழுகியர்

அண்ணன் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஜிடி டிஎஸ்ஐ வைத்திருப்பவன் என்ற முறையில் கொஞ்சம் சேர்க்க வேண்டும். என்னுடையது 2015 மாடல், 88,000 கிலோமீட்டர், கியர்பாக்ஸில் கை வைத்ததில்லை. டிராஃபிக்கில் ஊர்ந்து ஊர்ந்து போவதுதான் உலர் கிளட்சுக்கு எமன். நான் சிக்னலில் நியூட்ரலுக்குத் தள்ளிவிடுவேன், பிரேக்கை விட்டு விட்டு அங்குலம் அங்குலமாக நகர்த்த மாட்டேன்.

சோதிக்கும் முறை இதுதான். முதலில் 20 நிமிடம் நெரிசலில் ஓட்டுங்கள், கியர்பாக்ஸ் சூடாகட்டும். அப்புறம் ஒரு ஏற்றத்தில் நிறுத்தி மெல்லக் கிளப்புங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது வண்டி நடுங்கினால், ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாறும்போது யோசித்து யோசித்துத் தட்டினால், மீட்டரில் கியர் குறியீடு விட்டு விட்டு மின்னினால், சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். விலை பேச வேண்டாம்.

இன்னொன்று முக்கியம். 1.2 டிஎஸ்ஐ எஞ்சினோடு வந்த ஜிடி இந்தியாவில் மேனுவல் கியரில் வரவே இல்லை. 2020-ல் 1.0 டிஎஸ்ஐ வந்த பிறகுதான் டர்போ பெட்ரோல் போலோவுக்கு 6 கியர் மேனுவல் கிடைத்தது. 2014 வண்டியில் ஜிடி டிஎஸ்ஐ பேட்ஜும் மேனுவல் கியரும் சேர்ந்து இருந்தால் அது ஸ்டிக்கர் ஒட்டிய சாதா 1.2.

தேள்

அபார்த் உரிமையாளர், மதுரை. 2015 அக்டோபரில் இது வந்தபோது 9.95 லட்சம். 1.4 டி-ஜெட், 145 பிஎஸ், 212 நியூட்டன் மீட்டர், நான்கு சக்கரத்திலும் டிஸ்க். பத்து லட்சத்துக்குள் அன்றைக்கு இந்த நாட்டில் இதற்குச் சமமாக எதுவும் இல்லை. மூன்றாவது கியரில் 2,500 சுற்றைத் தாண்டியதும் முதுகு சீட்டோடு ஒட்டும். ஸ்டியரிங் ஹைட்ராலிக், தார் ரோட்டின் சொரசொரப்பு உள்ளங்கைக்கு வரும். ஒவ்வொரு முறை இறங்கிப் பூட்டும்போதும் திரும்பி ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

ஆனால் சேலம் தம்பிக்கு நேர்மையாகச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். இதே எஞ்சின் குடும்பம் லீனியா டி-ஜெட்டிலும் இருந்ததால் எஞ்சின் சாமான்களுக்கு வழி இருக்கிறது. அபார்த்துக்கு மட்டுமே உரியவற்றுக்குத்தான் அலைய வேண்டும். முன் பம்பரில் கல் அடித்தால் சும்மா வாரக்கணக்கில் காத்திருப்பீர்கள். எனக்கு இன்னொரு கார் இருக்கிறது, அதனால் பொறுமை இருக்கிறது. உங்களுக்கு அலுவலகத்துக்கும் இதே வண்டிதான். 5 லட்சம் கொடுத்து வாங்கி, கையில் ஒரு ரூபாய் இல்லாமல் டைமிங் பெல்ட் மாற்றும் நாளை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது ஆசைக்கு அழகில்லை. இரண்டு வருடம் பொறுத்து இரண்டாவது வண்டியாக எடுங்கள். அப்போது என்னிடம் கேளுங்கள், நல்ல வண்டி எங்கே இருக்கிறது என்று நானே தேடித் தருகிறேன்.

சேலம்_28

அண்ணா, படித்ததும் கொஞ்சம் வலித்தது. ஆனால் வைத்திருப்பவரே சொல்லும்போது தட்ட முடியவில்லை. பட்டியலிலிருந்து அபார்த்தை நீக்கிவிடுகிறேன்.

மலர்_ஆர்எஸ்

பட்டியலில் பலேனோ ஆர்எஸ் ஏன் இல்லை? 2017 மார்ச்சில் வந்தது, 2020 தொடக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். 1.0 பூஸ்டர்ஜெட் டர்போ, 102 பிஎஸ், 150 நியூட்டன் மீட்டர். எண்ணைப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. எடை 950 கிலோதான். இலகுவான உடம்பும் நான்கு டிஸ்க்கும் சேர்ந்து மலையில் என்ன செய்யும் என்பதை ஓட்டினால்தான் தெரியும். கொல்லிமலை 70 வளைவையும் என்னுடையதில் ஏறியிருக்கிறேன். இரண்டாவது கியரிலேயே பாதி மலை முடிந்துவிடும். சர்வீஸ் மாருதியில், எந்த ஊரிலும் ஆள் இருக்கிறது.

வாங்கினால் ஒன்றைக் கேட்டுவிடுங்கள். பிரேக்குக்கு உதவும் வேக்யூம் பம்ப்புக்காக 2023-ல் ஆர்எஸ் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் அந்த வேலை முடிந்ததா என்று சர்வீஸ் சென்டரில் சொல்லிவிடுவார்கள். முடியாத வண்டியில் மலை ஏற வேண்டாம்.

சேலம்_28

அக்கா, விசாரித்தேன். சேலம், நாமக்கல், ஈரோடு மூன்றிலும் சேர்த்து ஒன்றுதான் விற்பனைக்கு இருக்கிறது, 5.25-க்குக் கீழே வர மாட்டேன் என்கிறார்கள்.

பட்டறை_கோவை

டியாகோ ஜேடிபி கிடைத்தாலும் பாருங்கள் தம்பி. எங்கள் ஊர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் சேர்ந்து 2018-ல் கொண்டுவந்தது, 1.2 டர்போவில் 114 பிஎஸ். விற்றது கொஞ்சம் என்பதால் சந்தைக்கு வருவதும் கொஞ்சம். இந்த ஊர்க்காரனுக்கு அதன் மேல் தனிப் பாசம், அதனால் அதிகம் பேசாமல் விடுகிறேன்.

ஹைவே_ராஜா

டெல்லி வண்டி பாருங்க ப்ரோ. அங்கே 10 வருடம் தாண்டிய டீசல் ஓடக்கூடாது என்று தடை போட்டிருந்தார்கள். அந்தப் பயத்தில் எட்டு ஒன்பது வருட டீசல் வண்டிகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளினார்கள். ஃபிகோ டீசல் 2 லட்சத்துக்குள்ளேயே முடியும்.

வேளச்சேரிவாசி

ராஜா, விலை குறைவு என்பது அங்கே நிற்கும் வரைதான். என்ஓசி (ஆட்சேபனை இல்லாச் சான்று) வாங்கி வந்து, இங்கே மறுபடி பதிவு செய்து, தமிழ்நாட்டு லைஃப் டாக்ஸ் கட்டி, போக்குவரத்துச் செலவும் சேர்த்தால் வித்தியாசம் கரைந்துவிடும். என்ஓசி இழுத்தால் மாதக்கணக்கில் வண்டி வாசலில் நிற்கும். முதல் கார் வாங்குபவருக்கு இது வேண்டாம்.

நான் எழுத வந்தது வேறு விஷயம். சென்னை வண்டி பார்ப்பவர்கள் எல்லோருக்கும் இது. 2015 டிசம்பர், 2023 டிசம்பர் இரண்டு வெள்ளத்திலும் மூழ்கிய வண்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. 2017-ல் ஒரு டீலரிடம் நான் அப்படி ஒன்றை வாங்கினேன். உள்ளே ஷாம்பு வாசனை, சீட் பளபளப்பு, பாலிஷ் எல்லாம் கச்சிதம். ஆறு மாதத்தில் ஜன்னல் கண்ணாடி, ஏர்பேக் விளக்கு, ஸ்டார்டிங் என்று ஒன்றன் பின் ஒன்றாக மின்சாரக் கோளாறு. பட்டறையில் டேஷ்போர்டைக் கழற்றியபோது ஒயர் கட்டுக்குள் வண்டல் காய்ந்து மாவு மாதிரி கொட்டியது. 1.10 லட்சம் நஷ்டத்தில் விற்றேன். விற்கும்போது உண்மையைச் சொல்லித்தான் விற்றேன்.

அதிலிருந்து எந்த வண்டி பார்த்தாலும் முதலில் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுப்பேன். எல்லோரும் தினமும் பயன்படுத்தும் முக்கால் பாகத்தைத்தான் கழுவுவார்கள். சுருளுக்குள் கிடக்கும் கடைசி ஒரு சாண் துணியில் பழுப்புக் கோடு இருந்தால் தண்ணீர் அந்த உயரம் வரை நின்றிருக்கிறது. அப்புறம் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அந்தக் குழியின் மூலையில் விரலை விட்டுப் பாருங்கள். மண் ஒட்டினால் கிளம்பிவிடுங்கள்.

சேலம்_28

இன்று அந்தப் போலோவைப் பார்த்துவிட்டு வந்தேன். நேரே சொல்லிவிடுகிறேன், ஏழுகியர் அண்ணாவின் பதிவு இல்லையென்றால் இன்று அட்வான்ஸ் கொடுத்திருப்பேன்.

பளபளப்பான சிவப்பு. பின்னால் ஜிடி, டிஎஸ்ஐ இரண்டு பேட்ஜும் இருந்தன. உள்ளே உட்கார்ந்தால் 5 கியர் மேனுவல். "இது ஸ்பெஷல் எடிஷன் சார், மேனுவல் போட்டு வந்தது" என்றார் புரோக்கர். ஆர்சி கேட்டேன். 1198 சிசி என்று இருந்தது, எனக்கு ஒன்றும் புரியவில்லை. சிலிண்டர் எண்ணிக்கை 3 என்று இருந்தது.

ஏழுகியர்

அதேதான். ஜிடியின் டிஎஸ்ஐ 1197 சிசி, 4 சிலிண்டர். சாதா 1.2 வண்டி 1198 சிசி, 3 சிலிண்டர், 75 பிஎஸ். ஒரே ஒரு சிசி வித்தியாசம் என்பதால் யாரும் கவனிப்பதில்லை, சிலிண்டர் கட்டத்தைப் பார்ப்பதுதான் சுலபம். நல்லவேளை தப்பித்தீர்கள் தம்பி.

பட்டறை_கோவை

ஃபிகோ டீசலைப் போய்ப் பாருங்கள். இந்த விலையில் இழுவை வேண்டுமென்றால் அதுதான். 1.5 டிடிசிஐ, 100 பிஎஸ், 215 நியூட்டன் மீட்டர். 1,750 சுற்றிலேயே முழு முறுக்குவிசையும் வந்துவிடும், அதாவது வளைவு முடிந்ததும் கியரை இறக்காமலே இழுக்கும். ஏற்காட்டுக்குக் கேட்டது இதைத்தானே? சாதா மாடலில் சஸ்பென்ஷன் மென்மை, வளைவில் உடம்பு சாயும். 2017-ல் வந்த ஃபிகோ எஸ் கிடைத்தால் விடாதீர்கள். கடினமான ஸ்பிரிங், 15 அங்குல அலாய், 195 டயர்.

கம்பெனி போய்விட்டது என்று பயம் காட்டுவார்கள். ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது உண்மை. சர்வீஸும் சாமானும் இன்னும் கிடைக்கின்றன. சில பாடி பாகங்களுக்குக் காத்திருக்க வேண்டும், அந்தப் பயத்தால்தான் விலையும் இறங்கியிருக்கிறது. மறைமலை நகர் ஆலையை ஏற்றுமதிக்காகத் திரும்பத் திறப்பதாக 2024-ல் சொன்னார்கள். அதை நம்பி பழைய ஃபிகோவுக்குச் சாமான் கொட்டும் என்று நினைக்க வேண்டாம்.

போகும்போது காலை ஏழு மணிக்குப் போங்கள், முதல் நாளே போன் செய்து "ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க" என்று சொல்லுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் கிளம்பும் முதல் பத்து விநாடிதான் உண்மை பேசும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, டர்போவாகவும் இருக்கலாம். ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது விசில் மெல்லியதாக ஏறி இறங்க வேண்டும், சைரன் மாதிரி ஊளையிட்டால் டர்போ பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. இந்த எஞ்சினுக்கு டைமிங் பெல்ட். மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு அந்தத் தொகையை விலையில் குறைத்துக் கேளுங்கள்.

அடிபட்ட வண்டியா என்று பார்க்க பெரிய கருவி வேண்டாம். கதவைத் திறந்து ரப்பர் பீடிங்கை ஒரு சாண் இழுத்துவிடுங்கள். உள்ளே தூணில் வெல்டிங் புள்ளிகள் சீரான இடைவெளியில், சட்டைப் பொத்தான் அளவுக்குக் குழிந்து இருக்கும். அது கம்பெனி வெல்டிங். இடைவெளி தாறுமாறாக இருந்தாலோ, பட்டி வைத்து மழித்திருந்தாலோ அந்த வண்டி வெட்டி ஒட்டியது. ஃபெண்டர் போல்ட் தலையில் பெயிண்ட் உதிர்ந்திருந்தால் ஸ்பேனர் பட்டிருக்கிறது. ஏன் கழற்றினீர்கள் என்று கேளுங்கள், பதிலை மட்டும் கேட்காமல் முகத்தையும் பாருங்கள்.

ரீமேப் (எஞ்சின் கணினியை மாற்றி சக்தியைக் கூட்டுவது) செய்ததா என்றும் கேளுங்கள். இந்த மாதிரி வண்டிகளில் இளவட்டங்கள் ஸ்டேஜ் 1 ரீமேப் ஏற்றி ஓட்டிவிட்டு, விற்கும்போது பழையபடி மாற்றிவிடுவார்கள். நான்காவது கியரில் 40-ல் போகும்போது முழுசாக மிதியுங்கள். சுற்று எகிறி வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்து வழுக்குகிறது, ரீமேப் காரணமாக இருக்கலாம்.

சேலம்_28

ஈரோட்டில் ஒரு ஃபிகோ எஸ் டீசல். 2017, ஃபர்ஸ்ட் ஓனர், 62,000 கிலோமீட்டர், 4.35 கேட்கிறார். நூல் வியாபாரம் செய்பவர், சர்வீஸ் பில்கள் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் வரிசையாக வைத்திருந்தார். அந்தக் கவரைப் பார்த்ததும் பாதி பயம் போய்விட்டது.

காலை 7.10-க்குப் போனேன். பானெட் ஜில்லென்று இருந்தது. புகை இல்லை. சீட் பெல்ட் நான்கையும் கடைசி வரை இழுத்தேன், சுத்தம். பீடிங்கை இழுத்தேன், பொத்தான் பொத்தானாக வெல்டிங். இடது முன் ஃபெண்டர் போல்டில் மட்டும் பெயிண்ட் உதிர்ந்திருந்தது. கேட்பதற்கு முன்பே, 2019-ல் ஒரு பைக் இடித்தது என்று இன்சூரன்ஸ் கிளெய்ம் பேப்பரை எடுத்துக் காட்டினார். ஸ்பீடு பிரேக்கரில் முன்னால் டொக் டொக் என்று சத்தம். டயரில் நான்கு இலக்கம் 2117 என்று இருந்தது, அதாவது 2017-ன் 21-வது வாரம், வண்டியோடு வந்த டயர்தான். டைமிங் பெல்ட் மாற்றவில்லை.

பட்டறை_கோவை

டொக் டொக் என்றால் பெரும்பாலும் லோயர் ஆர்ம் புஷ். 62,000-க்கு அது வருவது இயல்பு. டயர் எட்டு வருடத்தைத் தொட்டது, எவ்வளவு ரப்பர் மிச்சமிருந்தாலும் மாற்றியே ஆக வேண்டும். பெல்ட், டயர், ஆர்ம் மூன்றையும் சொல்லி 4-ல் ஆரம்பியுங்கள். நல்ல வண்டி, நல்ல ஆள், 4.15 வரை போகலாம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் சேசிஸ் எண் கொடுத்துக் கிலோமீட்டர் வரலாற்றைச் சரிபார்த்த பிறகே பணம்.

வேளச்சேரிவாசி

அரசின் பரிவாகன் தளத்தில் ஹைப்போதிகேஷன் (வண்டி மேல் கடன் பதிவு) இருக்கிறதா, அபராதம் நிலுவை இருக்கிறதா என்று பாருங்கள். லோன் இருந்திருந்தால் வங்கியின் என்ஓசியும் படிவம் 35-ம் கையில் வாங்குங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையெழுத்து வேண்டும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாததற்கான பிரீமியம் தள்ளுபடி) அவருடையது, வண்டியோடு வராது, அதனால் பிரீமியம் அவர் கட்டியதைவிடக் கூடும்.

சேலம்_28

வாங்கிவிட்டேன்! 4.10-க்கு முடிந்தது.

கேட்பவர்களுக்காகச் செலவுக் கணக்கு. டைமிங் பெல்ட் செட், கூலியோடு 14,500. லோயர் ஆர்ம் இரண்டும் 9,000. டயர் நான்கு 24,800. ஆயில், ஃபில்டர், பிரேக் ஆயில் எல்லாம் 8,600. இன்சூரன்ஸ் 12,400. பெயர் மாற்றம் 4,500. மொத்தம் 4,83,800. கையில் இன்னும் 16,200 இருக்கிறது, அதைத் தொடப் போவதில்லை.

இன்று ஞாயிறு. அப்பாவையும் கூட்டிக்கொண்டு 5.40-க்குக் கிளம்பினேன். ஆல்டோவில் முதல் கியருக்கு இறக்க வேண்டியிருந்த வளைவுகளில் இரண்டாவதிலேயே மூச்சு வாங்காமல் ஏறியது. பாதி மலையில் அப்பா ஏசியை நிறுத்தி ஜன்னலை இறக்கிவிட்டார், டர்போ சத்தம் கேட்க வேண்டுமாம். இறங்கும்போது சாவியை வாங்கிக்கொண்டு அவரே ஓட்டினார்.

தேள்

வாழ்த்துகள் தம்பி, மனசு நிறைந்தது. இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் இரண்டாவது கியரில் விடச் சொல்லுங்கள் அப்பாவை. மேலே போனதும் எஞ்சினை உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள், டர்போ ஆறட்டும்.

சேலம்_28

சரி அண்ணா. அடுத்த வாரம் கொல்லிமலை. மலர் அக்கா, காரவள்ளி பக்கம் ஏறும்போது எத்தனை மணிக்குப் போனால் பஸ் குறுக்கே வராது?

மலர்_ஆர்எஸ்

ஆறு மணிக்கு முன்னால் அடிவாரத்தில் இருங்கள். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன். மேலே ஏறும் வண்டிக்குத்தான் வழி என்பது சட்டம், ஆனால் பஸ் வந்தால் நீங்களே ஒதுங்கிவிடுங்கள்.